மதினியின் வட்டங்கள்

எங்கள் அத்தா யாரிடமும் எளிதில் கருத்துக் கேட்கிறவர் அல்லர். கொடைக்கானல் பஜாரில் நெடுங்காலமாக ஸ்வெட்டரும் கம்பளியும் விற்கிறவர். எந்தப் பருவத்தில் எந்தச் சரக்கை எடுப்பது, கடை முகப்பில் எந்த நிறத்தை மாட்டுவது என்பதையெல்லாம் தாமே முடிவு செய்து பழகியவர். அப்படிப்பட்டவர், நான் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் முதல் கோப்பையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்த நாளிலிருந்து, வீட்டில் எந்தப் பேச்சு எழுந்தாலும் என் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்கத் தொடங்கினார். அலமாரியில் இன்று பதினான்கு கோப்பைகள் இருக்கின்றன. அவை அனைத்தையும்விட அந்தக் கேள்வி எனக்குப் பெரிது. அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவன். கடையைத் திறப்பவனும் பூட்டுபவனும் அவனே. அவனிடம்கூட அத்தா அப்படிக் கேட்டதில்லை.

அந்தக் கேள்வியை ஒரு வெள்ளிக்கிழமை அவர் என் மதினியிடம் கேட்டார்.

மதினி, அண்ணனை மணந்து எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது நான்கு மாதம்கூட ஆகவில்லை. தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். என்னைவிட இரண்டே வயது பெரியவர். அதிகம் பேசமாட்டார். பேசும்போதும் வாக்கியத்தை முடிக்காமல் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். மேடையில் அப்படி ஒருவர் நின்றால் இரங்கியிருப்பேன். வீட்டுக்குள் அவரைக் கண்டு எனக்கு ஏன் உள்ளம் கசந்தது என்பதை அப்போது நான் ஆராயவில்லை.

அடுக்கம் போகும் இறக்கத்தில், சாலைக்குக் கீழே, அத்தா ஒரு நிலம் வாங்கியிருந்தார். பழைய காப்பிச் செடிகள் அழிந்து, ஓரத்தில் சில சில்வர் ஓக் மரங்கள் மட்டும் மிஞ்சிய சரிவு. அதன் கீழ்ப்பாதியில் ஜூன் மாதச் சாரலில் பட்டர் ஃப்ரூட் கன்றுகளை வைத்தோம். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு மூங்கில் குச்சி ஊன்றி, பழைய கம்பளி நூலால் கட்டினோம். கம்பளிக் கடைக்காரர் வீட்டுத் தோட்டம் என்பதற்கு அந்தச் சிவப்பு, நீல நூல்களே சான்று. மேல்பாதியை அடுத்த மழைக்கு விட்டுவைத்தோம்.

ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனபோது கன்றுகளைக் காணவில்லை. புல்லும் களையும் இடுப்புவரை எழுந்து எல்லாவற்றையும் மூடியிருந்தன. கையால் விலக்கி விலக்கித் தேடினால், உள்ளே வெளிறிய இலைகளோடு ஒரு கன்று நிற்கும். சாலை வளைவில் இருந்த தேநீர்க் கடையில் பஜாரைச் சேர்ந்த குடைக்கடைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெரியகுளம் போகிற வழியில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். வளைவில் என்னோடு நின்ற அத்தாவின் அருகில் வந்து அவர் கீழே எட்டிப் பார்த்தார். "என்ன பாய், கடையில ஸ்வெட்டர்ல ஒரு நூல் தொங்குனாலும் நறுக்கிருவீங்க. இங்ஙன யாரு வீட்டு மாட்டுக்கு வளக்குறீங்க?" என்றார்.

அத்தாவின் முகம் சுருங்கியது. ஸ்வெட்டர்களை அடுக்கும்போது விளிம்போடு விளிம்பு பொருந்தவில்லையென்றால் மொத்த அடுக்கையும் கலைத்து மறுபடி மடிக்கிறவர் அவர். பஜார்க்காரர்கள் கடந்து போகும் சாலையிலிருந்து தெரிகிற நிலமும் அவருக்கு ஒரு கடைமுகப்பே. அவர் திரும்பினார். நான் அவருக்கு அருகில்தான் நின்றேன். மூச்சை இழுத்து முதல் வாக்கியத்தைக்கூட அமைத்துவிட்டேன். ஆனால் அவர் கண்கள் என்னைத் தாண்டி, கீழே புல்லுக்குள் குனிந்திருந்த மதினியிடம் போயின.

"நீ என்னம்மா சொல்றே?"

மதினி நிமிர்ந்து, ஒரு கன்றைச் சுற்றிக் கையை நீட்டி வட்டம் போட்டுக் காட்டினார். "செடியைச் சுத்தி மட்டும் வேரோட எடுத்தாப் போதும், மாமா. கை எட்டுற அளவுக்கு ஒரு வட்டம். மத்தது கெடக்கட்டும். அது கெடந்தாத்தான் மண்ணு ஓடாது."

பேச்சுப் போட்டிகளில் எந்த அணி என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். காலையில் ஒரு தலைப்பை ஆதரித்துப் பேசிக் கைதட்டல் வாங்கி, மாலையில் அதே தலைப்பை எதிர்த்துப் பேசிக் கோப்பை வாங்கியிருக்கிறேன். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதன்று, நிற்கும் பக்கத்தை எப்படி நிறுவுகிறோம் என்பதே எனக்குச் சொல்லித்தரப்பட்ட பாடம். அன்று எனக்கான சீட்டை எடுத்தவர் மதினி. அவர் வட்டம் என்றார். ஆகவே நான் முழு வெட்டு என்றேன். களையைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது. அது ஒரு குறையாகவும் எனக்குத் தோன்றவில்லை.

திரும்பும் வழியெல்லாம் ஜீப்பில் பேசினேன். கூடத்தின் நடுவில் மட்டும் கூட்டிவிட்டு மூலைகளில் குப்பையை விட்டுவைக்கும் வீட்டுக்கு யார் விருந்துக்கு வருவார்கள் என்று கேட்டேன். இரண்டு கன்றுகளுக்கு இடையில் இன்று இரக்கப்பட்டு விட்டுவைக்கும் பகை, நாளை விதை தூவிக் கன்றின் காலடிக்கு வராதா என்று கேட்டேன். பாம்பைச் சொன்னேன். அட்டையைச் சொன்னேன். கடைசியாக, ஸ்வெட்டரின் கழுத்தை மட்டும் மடித்துக் கையைத் தொங்கவிட்டு விற்கிற கடை இந்த மலையில் உண்டா என்று கேட்டேன். அங்கே அத்தா சிரித்துவிட்டார். அண்ணன் ஸ்டியரிங்கில் தட்டினான். புல்வெட்டும் மிஷினை வைத்து மாதம் ஒருமுறை முழு நிலத்தையும் வெட்டுவதென்று ஏரியைத் தாண்டுவதற்குள் முடிவாயிற்று.

பின்னிருக்கையிலிருந்து மதினி, "நல்லாப் பேசுறீங்க," என்றார். அதில் குத்தல் இருந்திருந்தால் பதிலடி கொடுத்திருப்பேன். குத்தல்தான் இல்லை. "எனக்கு அந்தக் கீழ்க்கடைசி அஞ்சு வரிசையை மட்டும் விட்ருங்க, மாமா. ரோட்டுல இருந்து தெரியாது. என் கையால பாத்துக்கிறேன்."

அத்தா ஒப்புக்கொண்டார். பிறகு கண்ணாடி வழியாக எங்கள் இருவரையும் பார்த்து, வரும் கோடை தாண்டட்டும் என்றும், யார் சொன்னபடி கன்று வருகிறதோ அவர் சொல்கிறபடியே மேல்சரிவை வைப்போம் என்றும் சொன்னார். நடுவர் தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டார் என்றான் அண்ணன். எனக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. மேல்சரிவு ஒரு பொருட்டே அன்று. அந்தச் சரிவோடு சேர்ந்து அத்தாவின் கேள்வியும் யார் பக்கம் போகும் என்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது.

மிஷின் வந்தது. வெட்டிய பிறகு என் வரிசைகள் ஏரிக்கரை ஹோட்டல்களின் புல்தரைபோல ஆயின. ஒரே உயரத்தில் பசுமை, அதில் ஒழுங்காக நிற்கும் குச்சிகள், குச்சிகளில் வண்ண நூல்கள். சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்தார்கள். அத்தா தமக்கு வேண்டியவர்களைத் தேநீர்க் கடை வரை அழைத்துவந்து காட்டினார். மூட்டு வலியால் அவர் கீழே இறங்குவதில்லை. வளைவிலிருந்து தெரிவதே அவருக்கு நிலம், அதில் தெரிந்ததெல்லாம் என் வரிசைகள்.

மேட்டுக்கு அப்பால் மறைந்திருந்த மதினியின் ஐந்து வரிசைகளோ, பாதி சிரைத்த தலைபோல இருந்தன. நடுவில் காடு. காட்டுக்குள் ஆங்காங்கே வட்டங்கள். வெள்ளிதோறும், ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் வந்து சாப்பிட்ட கையோடு நாங்கள் புறப்படுவோம். நான் ஜீப்பில் உட்கார்ந்து அடுத்த போட்டிக்குக் குறிப்பெழுதுவேன். மதினி களைக்கொத்தை எடுத்துக்கொண்டு இறங்குவார். வட்டத்தின் விளிம்பில் மட்டுமே கொத்து வேலை செய்யும். தண்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் கொத்தைக் கீழே வைத்துவிட்டு விரல்களால் ஒவ்வொரு புல்லாகப் பிடுங்குவார். பிடுங்கியதை வேர் மேலே பார்க்கக் கவிழ்த்து, தண்டை விட்டு ஒரு சாண் தள்ளி வட்டமாகப் பரப்புவார். சில வெள்ளிகளில் குறிப்பேட்டோடு மேடுவரை நடந்துபோய், இதையெல்லாம் நான் பார்க்காததுபோல் பார்த்தேன். அவர் ஏறி வரும்போது அத்தா தண்ணீர்ப் பாட்டிலை முதலில் அவரிடம் நீட்டுவார். நகத்தில் மண் இருப்பவருக்கு முதலில் தண்ணீர் தருவது இயல்புதான். அந்த இயல்பைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை.

ஐப்பசி மழையில் எல்லாம் ஒரே பச்சையாக இருந்தது. மழை விலகிய பிறகுதான் வேறுபாடு தலைகாட்டியது. முதலில் அதைச் சொன்னவன் அண்ணன். "ஏ புள்ள, ஒன் கன்னெல்லாம் நின்ன எடத்துலயே நிக்குது. மைக்குக்குக் காத்துக்கிட்டு இருக்கோ என்னமோ."

அவன் கடைச் சோலியாகப் பெரியகுளம் போகும் நாட்களில் நானும் ஜீப்பில் தொற்றிக்கொண்டு நிலத்தில் இறங்கத் தொடங்கினேன். அளவுகோல் எடுத்துப் போக வெட்கம். என் உடம்பாலேயே அளந்தேன். தை மாதத்தில் என் கன்றுகள் முழங்காலுக்குச் சற்று மேலே இருந்தன. மதினியுடையவை என் இடுப்பைத் தொட்டன. அவற்றின் இலைகள் கரும்பச்சையாக, அகன்று, கனத்துத் தொங்கின. என்னுடையவற்றில் இரண்டு மூன்றின் அடித்தண்டில் மிஷின் கம்பி பட்டுத் தோல் உரிந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் கம்பளி நூலைச் சுற்றி மறைத்தேன்.

பசிதான் காரணம் என்று முடிவு செய்தேன். அண்ணனைக் கெஞ்சி உர மூட்டை வாங்கி, என் வரிசைகளுக்கு மட்டும் இரட்டைப் பங்கு போட்டேன். இரண்டு வாரத்தில் பலன் தெரிந்தது. புல்லில். வெட்டிய இடத்திலிருந்து அது முன்னைவிடத் தடிப்பாக எழுந்தது. கன்றுகள் அப்படியே நின்றன. பிறகு தொட்டியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினேன். புல்தரை அதையும் வாங்கிக்கொண்டு, மாலைக்குள் உலர்ந்துவிட்டது. மிஷின் புல்லின் தலையை மட்டுமே எடுக்கிறது, மண்ணுக்குள் அதன் வாய் திறந்தேதான் இருக்கிறது என்பது அந்த நாட்களில் எனக்கு மெல்ல விளங்கியது. விளங்கியதை ஏற்க மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக வாதங்களைச் சேகரித்தேன். மதினியின் வரிசைகளுக்கு அருகில் ஓடை இருக்கிறது. சில்வர் ஓக் நிழல் அந்தப் பக்கம்தான் விழுகிறது. மழையில் கரைந்த மேல்மண் அங்கேதான் போய்ச் சேர்கிறது. மூன்று வாதங்கள். மூன்றும் கேட்பதற்கு நன்றாக இருந்தன.

இனி எழுதப்போவதை இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

மார்ச் மாதத்து வெள்ளி ஒன்றில், எல்லோரும் தேநீர்க் கடையில் இருக்க, நான் மட்டும் கீழ்வரிசைக்குப் போனேன். வெயில் என் கன்றுகளின் இலை நுனிகளைக் கருக்கியிருந்தது. புல்லும் மஞ்சளாகிக் கிடந்தது. மதினியின் முதல் வட்டத்தின் முன் குந்தி, காய்ந்த களைப் பரப்பைக் கையால் விலக்கினேன். அடியில் மண் கறுப்பாக, குளிர்ந்து இருந்தது. அதற்குமேல், கன்றின் நூல்போல மெல்லிய வெள்ளை வேர்கள், மட்கிய இலைகளுக்குள்ளேயே ஏறி வந்து படர்ந்திருந்தன. எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. பிறகு அந்தப் பரப்பை மொத்தமாக இழுத்து எறிந்தேன். அடுத்த கன்றிலும் எறிந்தேன். மூன்றாவதிலும். வேர்கள் வெயிலில் கிடந்தன. சில நாட்கள் போதும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு என்னுடையதுதான். வெயிலின் மேலோ வயதின் மேலோ அதைப் போட முடியாது.

அடுத்த வெள்ளி மதினி இறங்கிப் போய், வழக்கத்தைவிட நேரமாகித் திரும்பி வந்தார். என்ன ஆயிற்று என்று அத்தா கேட்டார். அவர் தண்ணீர் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "காட்டுக்கோழி கெளறியிருக்கு, மாமா. மூணு செடியில. மறுபடி மூடிட்டேன், ஒண்ணும் ஆகாது."

கோழி எல்லா வட்டத்தையும் விட்டு வரிசையாக மூன்றை மட்டும் ஏன் கிளறியது என்று அண்ணன் கேட்டான். மதினி பாட்டிலை மூடியபடி, "அதுக்கு எது பிடிக்குமோ," என்றார். என்னைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்ததா என்பது எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்து சொல்லாமல் விட்டிருந்தால் அது என்னை வென்ற பெருந்தன்மை. தெரியாமல் சொன்னதென்றால் அது என்னை வென்ற வெள்ளை மனம். இரண்டில் எதையும் என்னால் தாங்க முடியவில்லை. அந்த மூன்று கன்றுகளும் பிழைத்துக்கொண்டன.

மே மாதக் கோடைமழை இரண்டு தரம் பெய்த பிறகு, மேல்சரிவுக்குக் குழி எடுக்க ஆள் வரச் சொல்ல வேண்டியிருந்தது. அத்தா மூட்டு வலியோடு, அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு, முதன்முறையாகக் கீழே இறங்கினார். என் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி காய்ந்திருந்தன. மற்றவை உயிரோடு இருந்தன, அவ்வளவே. மேட்டுக்கு அப்பால் மதினியின் வரிசைகள் தழைத்து நின்றதை அவர் தொலைவிலிருந்தே கண்டுவிட்டார். என் கடைசி வரிசைக்குச் சற்று மேலே கிடந்த ஒரு பெரிய கல்லில் உட்கார்ந்தார். வந்த சரிவைப் பார்த்த முகம், கீழ்வரிசைகளுக்குக் காட்டிய முதுகு. நான் அவர் எதிரில் நின்றேன். மதினி ஓரமாக நின்றார்.

"நீ என்னம்மா சொல்றே?" என்றார் அத்தா. என்னிடம்.

ஏறத்தாழ ஓராண்டாக நான் காத்திருந்த கேள்வி அது. ஓடையைச் சொன்னேன். நிழலைச் சொன்னேன். கரைந்து இறங்கிய மண்ணைச் சொன்னேன். குரல் நன்றாக அமைந்தது. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினேன். களை வெட்டிய முறையில் குற்றம் இல்லை, இடத்தின் கொடை கீழ்வரிசைக்கு வாய்த்தது என்று முடித்தேன். அத்தா தலையசைக்கத் தொடங்கினார். அந்தத் தலையசைப்பை நான் அறிவேன்.

அவர் மதினியைப் பார்த்தார். மதினி, "இருக்கலாம், மாமா," என்றார். "கீழ ஈரம் ஜாஸ்திதான்."

அவ்வளவுதான். எதிரணி உட்கார்ந்துவிட்டது. மேடையில் அந்தக் கணத்தில் கைதட்டல் எழும். இங்கே காற்று மட்டும் இருந்தது. அத்தாவின் தோளுக்கு மேலாக, அவர் பார்க்க முடியாத இடத்தில், இரண்டு கன்றுகள் நின்றன. ஒன்று என் கடைசி வரிசையில் கடைசி. மற்றது மதினியின் முதல் வரிசையில் முதல். இடையில் நான்கு எட்டுத் தூரம்கூட இல்லை. ஒரே மண், ஒரே நிழல், ஓடைக்கு ஒரே தூரம், ஒரே நாளில் ஊன்றிய குச்சிகள். ஒன்று இன்னும் என் முழங்காலுக்குச் சற்று மேலேதான் நின்றது. மற்றது என் மார்பளவு நின்றது. அதன் காலடியில் மார்ச் மாதத்தில் நான் இழுத்தெறிந்த பரப்பு மறுபடி விரித்துக் கிடந்தது. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் இடத்தில் நான் ஒருத்திதான் நின்றேன். என் மூன்று வாதங்களும் அந்த நான்கு எட்டுக்குள் செத்துக் கிடந்தன. அதை வாய் திறந்து சொல்ல வேண்டியவரோ, இருக்கலாம் என்று சொல்லிவிட்டு மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மறுத்திருந்தால் நான் கடைசிவரை வாதாடியிருப்பேன்.

"அத்தா," என்றேன். "திரும்பிப் பாருங்க."

அவர் கல்லில் கையூன்றித் திரும்பினார். இரண்டு கன்றுகளையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தைத் திருப்பாமலே, "மேல எப்படிம்மா வைக்கலாம்?" என்று கேட்டார். அந்த 'அம்மா' யாரைக் குறித்தது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. மதினி கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். பாதி வாக்கியங்கள் முடியவே இல்லை. அத்தா எல்லாவற்றையும் புரிந்துகொண்டார்.

எஞ்சிய என் கன்றுகளுக்கு அன்றே வட்டம் எடுக்கத் தொடங்கினேன். மதினி தம்முடைய கொத்தைக் கொடுத்தார். "தண்டுக்குக் கிட்ட விரல்தான். வெரசா முடிக்கணும்னு கொத்தைப் போட்றாதீங்க," என்று மட்டும் சொன்னார். அண்ணன் மேலே சாலையில் நின்று, பேச்சாளர் குனிந்திருப்பதைப் படம் எடுத்து பஜார் முழுக்க அனுப்பப் போவதாகச் சொன்னான். அனுப்பவும் செய்தான்.

இப்போது அடுத்த ஐப்பசி வந்துவிட்டது. மிஷினை விற்றாயிற்று. வளைவிலிருந்து பார்த்தால் எங்கள் நிலம் மறுபடி அழகற்றதாகத் தெரிகிறது. குடைக்கடைக்காரர் மறுபடி கேலி செய்கிறார். அத்தா மூட்டு வலியையும் பாராமல் அவரைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போய் அந்த இரண்டு கன்றுகளைக் காட்டுகிறார். அந்த விளக்கத்தில் என் பெயர் வரும் இடத்தில் நான் தேநீர்க் கடைக்கு ஏறிவிடுவேன். வட்டம் எடுத்த என் கன்றுகளில் செம்புநிறத் தளிர் விட்டிருக்கிறது. ஒன்றிரண்டு என் இடுப்பைத் தாண்டிவிட்டன.

போன வெள்ளி, என் கன்று ஒன்று முதன்முறையாக அதன் குச்சியின் நுனியைத் தொட்டிருந்தது. அந்த மகிழ்ச்சியோடு, எப்போதும்போல, உடனே கீழ்வரிசைக்குப் போனேன், மதினியுடையவை குச்சியை எவ்வளவு தாண்டி நிற்கின்றன என்று ஒப்பிட. அங்கே குச்சிகளே இல்லை. இனித் தாங்கல் வேண்டாம் என்று எல்லாவற்றையும் பிடுங்கியிருந்தார். மரங்கள் தாமாகவே நின்றன. என் தோளுயரத்துக்கும் மேலே.

பிடுங்கிய குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டி வைத்திருந்தார். மேல்சரிவில் வைத்திருக்கும் புதுக் கன்றுகளுக்கு வேண்டும் என்றார். அவர் எடுக்கும் முன்பே நான் அந்தக் கட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். கனமாகத்தான் இருந்தது. பழைய நூல்கள் இன்னும் அவற்றில் தொங்கின. அவர் எனக்கு முன்னால் ஏறினார். ஏறும்போது அவர் தலையைத் திருப்பி அந்த மரங்களை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே ஏறினேன்.